பதிவேட்டில் இரண்டு கட்டம்

வாடிப்பட்டிக்கு மேற்கே, கால்வாயை ஒட்டி,
அறுத்த வயலில் கிடை போட்டிருக்கிறார்கள்.
இரண்டு தென்னைக்கு நடுவே மூங்கில் கட்டி
ஒவ்வொன்றாய் உள்ளே தள்ளுகிறான் ஒச்சுக்காளை.
புளிக்குளம் மாடு. புது ஆள் வாசனை ஆகாது.
என் வாசனை சோப்பும் பிளாஸ்டிக்கும்.
சுத்தமாய் ஆகாது.

தோள்வரை உறை. ஒரு வாளித் தண்ணீர்.
சாணத்தை வழித்து வெளியே போட்டுவிட்டு
முழங்கை தாண்டி உள்ளே போகிறேன்.
மாடு முக்கும்போது குடல் இறுகி
விரல்கள் மரத்துப்போகும்.
பிறகு விடும். அந்த இடைவெளியில்தான் வேலை.

மாட்டுக்குத் தலையில் இரண்டு கொம்பு,
கருப்பையில் இரண்டு கொம்பு.
தலையில் இருப்பது என்னைக் குத்தப் பார்க்கிறது.
உள்ளே இருப்பது
ஆட்டுக்கடாவின் கொம்பாய்ச் சுருண்டு
இடுப்பெலும்பின் விளிம்பில் கிடக்கும்.
அதைக் கிள்ளி எடுத்து
மெல்ல நழுவவிட வேண்டும்.
சினை என்றால்
உள்சவ்வு ஒரு கணம் முந்தி நழுவும்,
சட்டைக்குள் பனியன் நழுவுகிற மாதிரி.
கல்லூரியில் இப்படிச் சொல்லவில்லை.
நானே சொல்லிக்கொள்வது.

பதினொன்றில் ஏழு சினை.
நாலின் பின்தொடையில் நீலச் சாக்பீஸ்.
ஜபருல்லாவின் வண்டி வேலமரத்தடியில் நிற்கிறது.
"வயித்துல ஒண்ணு இருந்தா எனக்கு வேணாம் டாக்டரம்மா.
கறி யாவாரந்தான், ஆனா அது ஆகாது"
என்று ஒவ்வொரு மாட்டுக்கும் சொல்கிறார்.
சொல்லிவிட்டுக் கடிகாரம் பார்க்கிறார்.
வண்டி வாடகைக்கு.

பன்னிரண்டாவது, செவலை.
இரண்டு வருசமாய்க் கன்று இல்லை.
ஒச்சுக்காளை சாக்பீஸைக் கையிலேயே வைத்திருந்தான்.

இடது கொம்பு தொளதொளவென்று.
வலதில்,
மஞ்சள் திரள் துருத்திய அதே பக்கத்தில்,
மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு பூரிப்பு.
அல்லது என் விரலின் ஆசை.
இன்னொரு தரம் அழுத்திப் பார்க்கலாம்.
முப்பது நாள் கருவென்றால்
அழுத்தியே இல்லாமல் ஆக்கிவிடலாம்.

"இருக்கா, இல்லையா?"
மாயக்கா மூங்கிலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

கையை எடுத்தேன்.
"இருபத்தஞ்சு நாள் கழிச்சு வர்றேன்."

"தீவனத்துக்கு யாரு குடுப்பா?" என்றான் ஒச்சுக்காளை.
ஜபருல்லா எதுவும் சொல்லாமல்
நாலு மாட்டுக்கு மட்டும் நோட்டை எண்ணினார்.
பதிவேட்டில் இரண்டே கட்டம்: சினை, காலி.
கோட்டின் மேலேயே பென்சிலால்
ஒரு புள்ளி வைத்தேன்.

இருபத்தைந்தாம் நாள், வெள்ளி.
கிடை சாணாம்பட்டிப் பக்கம் நகர்ந்திருந்தது.
சிறுமலைமேல் மேகம், மழை இல்லை.
செவலையைத் தள்ளினார்கள்.
இரண்டு கொம்பும் ஒரே தடிப்பு.
கூடவே நழுவின சவ்வு எதுவும் இல்லை.

எதுவும் கீழே விழுந்திருக்காது.
நாய் முகர்ந்திருக்காது.
இந்த வயதில் போவது
உடம்புக்குள்ளேயே கரைந்துபோகும்.
வால் அடியில் காய்ந்த வழும்பு மட்டும்,
கண்ணாடியில் ஒட்டின பசை மாதிரி.

சொல்ல வாயெடுத்தேன்.
"தெரியும்" என்றாள் மாயக்கா.
"செவ்வாக்கிழமை ராத்திரி பூராம் கத்துச்சு.
போன் போட்டா
அந்தாளு வண்டியோட வந்துருவாருன்னு
காளையை அவுத்து விட்டுட்டேன்."

ஒச்சுக்காளை சாக்பீஸைத் தேடினான்.
அது அவள் இடுப்புச் செருகலில் இருந்தது.

உறையைக் கழற்றிக் கையைக் கழுவினேன்.
செவலை மூங்கிலைத் தாண்டிப் போய்
மந்தைக்குள் நுழைந்துகொண்டது.
கேட்டால் மூன்று நாள் என்பாள்.
மூன்று நாளைத் தொடுகிற விரல்
எனக்கு இல்லை, யாருக்கும் இல்லை.

ரோட்டிலிருந்து ஹார்ன் சத்தம்.
பாதி நிறைந்த வண்டி.
பதிவேட்டை விரித்து
பேனாவைத் தேடுகிற மாதிரி
பையைத் துழாவிக்கொண்டிருந்தேன்,
ரொம்ப நேரம்.